அண்ணி என்று மட்டும் போட்டிருந்தார்கள்

"நான் நடிக்கிறேன்னு சொன்னீங்க, அதுகூடப் பரவாயில்லை அண்ணி. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க பாருங்க, அதுதான்."

இதுதான் பூங்கோதை சொன்னது. நான் ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தக் கல்லூரி வாசலில், கார் நிறுத்துகிற இடத்தில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கச் சொன்னாள். சொல்லிவிட்டு உங்கள் தங்கை எஸ்தரின் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாற்றுப்புடவை இல்லை, மாத்திரை டப்பா இல்லை. இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது, எஸ்தர் வீட்டில், இதோ கதவு சாத்தியிருக்கிற அந்த அறையில்தான் இருக்கிறாள்.

நான் எங்கேங்க சிரித்தேன்? என் முகவாகு அப்படி. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் கான்ஸ்டன்ஸ், "வத்சலா, என்ன சிரிப்பு?" என்று என்னை எத்தனை தடவை முழங்கால் போட வைத்திருக்கிறார். நான் சிரித்திருக்கவே மாட்டேன். பயந்துபோனால் என் வாய் தானாக அப்படிப் போகும். கான்வென்ட்டில் பத்து வருஷம் இதற்காகவே முட்டி தேய்ந்தது.

சரி, உங்களிடம் சொல்வதற்கென்ன. நீங்கள் எஸ்தருக்கு அக்கா என்றீர்கள், எங்களை வைத்து எடுத்த அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்றீர்கள், எஸ்தர் வர ஆறு மணியாகும் என்றீர்கள். பார்க்காதவர் ஒருவராவது கிடைத்தாரே. நான் இரண்டு தடவை கதவைத் தட்டினேன், நீங்கள் ஒரு தடவை தட்டினீர்கள். திறக்கவில்லை. கட்டில் கிறீச்சிடுவது கேட்கிறது, அதனால் ஆள் விழித்துத்தான் இருக்கிறாள். நான் பேசுவது உள்ளே கேட்கும். கேட்கட்டும். எனக்குக் குரலைத் தாழ்த்திப் பேச வராது.

டீ வேண்டாம் அக்கா, உட்காருங்கள். நீங்கள் எழுந்து போனால் நான் எழுந்து போய்விடுவேன்.

பூங்கோதை என் நாத்தனார். என் வீட்டுக்காரர் செழியனுக்கு ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயாலஜி டீச்சராக இருந்தாள். மாமனாரும் மாமியாரும் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள், அதாவது இருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டில் மூன்று நாள் முகாம் போனாள். புல்லில் குப்புறப் படுத்துப் பறவை பார்த்தார்களாம். அங்கே ஒரு உண்ணி கடித்திருக்கிறது. நாய்க் காதில் இருக்குமே, அதில் ஒரு ஜாதி. கசகசா அளவுதான் இருக்குமாம். கடித்தது அவளுக்கே தெரியாது. அதனால் வருகிற நோய்க்குப் பெயர் லைம். எலுமிச்சம்பழம் இல்லை, அமெரிக்காவில் ஒரு ஊரின் பெயர். இதை நான் இதுவரைக்கும் இருநூறு பேருக்காவது விளக்கியிருப்பேன். நம் பக்கத்தில் அபூர்வம் என்பதால் பெயரைக் கண்டுபிடிக்கவே ஆறு வருஷம் ஆனது.

அந்த ஆறு வருஷத்தை நீங்கள் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை முட்டி. செவ்வாய்க்கிழமை தோள்பட்டை. புதன்கிழமை ஒன்றுமே இல்லை, எழுந்து வந்து என்னோடு பூண்டு உரிப்பாள். வியாழக்கிழமை தலையைத் தூக்க முடியாது. ஒரு மாதம் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, பிறகு தானே சரியாகிவிட்டது. வகுப்பில் நின்றுகொண்டு, இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்ட பிள்ளைக்குப் பதில் வராமல் அழுதிருக்கிறாள். வேலையை விட்டாள். ரத்தம் எடுத்தால் நார்மல். ஸ்கேன் எடுத்தால் நார்மல். மொத்தம் பதினோரு டாக்டர். செழியனுக்கு டீ ஏல ஆபீசில் வேலை, லீவு போட முடியாது. நான்தான் பஸ் பஸ்ஸாக ஏற்றி இறக்கிக் கூட்டிப்போனேன். பதினோரு படித்தவர்கள் நார்மல் என்று சொன்னால், பிளஸ் டூ படித்த நான் என்ன நினைப்பேன்? சொல்லுங்கள்.

தலையை மட்டும் ஆட்டுகிறீர்கள். பரவாயில்லை.

சோறு யார் போட்டது? வெந்நீர் யார் வைத்தது? குன்னூர்க் குளிரில் காலை ஐந்து மணிக்கு எழுந்து, அவளுக்கு முட்டியில் வைக்க உப்பு வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்தது யார்? இதெல்லாம் படத்தில் இருக்கிறதா? இல்லை. ஒரு பொட்டு இல்லை.

அந்தப் படத்தை எடுத்த பெண் மிருணாளினி போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். மூக்கில் வளையம், காலில் ஷூ, வார்த்தைக்கு வார்த்தை மேம். லைம் நோயோடு வாழ்கிற ஐந்து பேரைப் பற்றி எடுக்கிறாளாம். உங்கள் எஸ்தர் ஒருத்தி, எங்கள் பூங்கோதை ஒருத்தி, மீதி மூன்று பேர் கேரளாப் பக்கம். "வீட்ல கூட இருக்கிறவங்க என்ன பட்டாங்கங்கிறதும் வேணும் மேம்" என்றாள். அக்கா, ஒன்பது வருஷத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. பூங்கோதை எப்படி இருக்கிறாள், இதுதான் போன் எடுத்தால் கேள்வி. வத்சலா எப்படி இருக்கிறாள் என்று என் கூடப்பிறந்தவன்கூடக் கேட்டதில்லை. அவள் கேட்டாள். நான் பொங்கிவிட்டேன்.

மயில்நீலக் கலர் புடவை கட்டினேன். கேமராக்காரர்களுக்குக் கேசரி, மெதுவடை. பேச்சுப்போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியவள் நான். இழுக்காமல், திக்காமல் பேசுவேன். மிருணாளினியே சொன்னாள், "மேம், உங்களுக்கு ஒரு டேக் போதும்." நாலு மணி நேரம் பேசினேன். பதினோரு டாக்டரையும் வரிசையாகச் சொன்னேன். உப்பு ஒத்தடம் சொன்னேன். என் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து பத்தாவது நாள் அவளைத் தாங்கிப் பிடித்துக் குளிக்க வைத்ததைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது அந்த மைக் பிடிக்கிற ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டான், நான் பார்த்தேன்.

பிறகு அவள் கேட்டாள், "இவ்வளவு கஷ்டத்துல சிரிப்பா ஏதாவது நடந்ததுண்டா மேம்?"

நான் பெல் கதையைச் சொன்னேன்.

இதை உங்களிடம் சொன்னால் நீங்களும் அந்த ஹாலில் இருந்தவர்கள் மாதிரிதான் பார்ப்பீர்கள். பாருங்கள். சொல்லிவிடுகிறேன்.

அப்போது இன்னும் நோய்க்குப் பெயர் தெரியாது. இரண்டாவது வருஷம். "பூங்கோதை, கொஞ்சம் வெயில்ல போய் உக்காரேன்" என்பேன். "முடியலை அண்ணி." "எந்திரிச்சு வந்து சாப்பிடேன்." "முடியலை அண்ணி." ஒரு நாள் நான் மார்க்கெட் போய்விட்டு வந்தேன். சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன். காலிங் பெல்லை அடித்தேன். வந்து திறந்தாள். நடந்து வந்து, தானே தாழ்ப்பாளை நீக்கி, திறந்தாள். காலையில் முடியலை என்றவள்! சாப்பாட்டுக்கு வர முடியாது, பெல்லுக்கு வர முடியுமா?

அதற்குப் பிறகு நான் சோதனை வைத்தேன். அடுப்பு வேலை முடிந்ததும் பின்பக்கமாக வெளியே போவேன். சுற்றிக்கொண்டு வாசலுக்கு வருவேன். பெல்லை அழுத்திவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் தடவை நாலு நிமிஷம். அடுத்த தடவை மூன்று. ஒரு நாள் இரண்டு நிமிஷத்துக்குள் திறந்தாள். திறந்ததும், "பாத்தியா, வர முடியுதில்ல?" என்பேன். கொரியர்காரன் வந்தான், போய்விட்டான் என்று முதலில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு அதுவும் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை, சில வாரம் மூன்று. நோய்க்குப் பெயர் தெரியும் வரைக்கும் நாலு வருஷம் இது நடந்தது. அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். படுத்தே கிடந்தால் உடம்பு துருப்பிடித்துப் போகாதா? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், சிரித்திருக்கிறார்கள். கேமரா முன்னாலும் அப்படியே சொன்னேன். அவள் வந்து திறக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாள் என்றுகூட நடித்துக் காட்டினேன்.

சரி, சிரித்தேன். முகவாகு இல்லை. சிரித்துத்தான் சொன்னேன்.

போன மாதம் அந்தக் கல்லூரி ஹாலில் படம் போட்டார்கள். உங்கள் கோயமுத்தூரில்தான், சனிக்கிழமை காலையில். நாற்பது பேர் இருப்பார்கள். உண்ணி கடித்து வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் பெயர் தெரிந்தும் தெரியாமலும் ஏதோ ஒரு வலியோடு வருஷக்கணக்காக இருக்கிறவர்கள். சிலர் கைத்தடியோடு வந்திருந்தார்கள், இரண்டு பேர் சக்கர நாற்காலியில். பூங்கோதையும் எஸ்தரும் முன் வரிசையில். நான் நடுவில் ஒரு வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு அம்மா. கழுத்தில் பட்டை போட்டிருந்தார். நல்ல மாதிரி. எனக்கு நெல்லிக்காய் மிட்டாய் கொடுத்தார். "நீங்களும் பேஷண்டா?" என்று கேட்டார். "இல்லைங்க, நான் படத்துல வர்றேன்" என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூட இருந்து பாக்கறது பெரிய புண்ணியம்ங்க" என்றார். நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்க வேண்டும்?

படத்தின் பெயர் 'இருபத்தாறு அடி'. ஏதோ கவிதை போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது நிமிஷம் போன பிறகு நான் வந்தேன். மயில்நீலம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. கீழே எழுத்து வந்தது. எஸ்தருக்கு முழுப் பெயர் போட்டு, முன்னாள் வங்கி ஊழியர் என்று போட்டிருந்தார்கள். டாக்டருக்குப் பட்டத்தோடு போட்டிருந்தார்கள். எனக்கு 'அண்ணி' என்று மட்டும். பெயர்கூட இல்லை. இது என்ன மரியாதை என்று நான் நினைப்பதற்குள் என் குரல் ஆரம்பித்துவிட்டது. நாலு மணி நேரப் பேச்சில் நாலு நிமிஷம் எடுத்திருந்தாள். நாலும் பெல்.

நான் நடித்துக் காட்டுகிற இடத்தில் ஹாலில் யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.  ஏசி சத்தம் மட்டும்.

உடனே பூங்கோதை வந்தாள். எங்கள் வீட்டில், அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு. எப்போது எடுத்தார்களோ தெரியாது, நான் வடை சுட்டுக்கொண்டிருந்திருப்பேன். அவள் சொன்னது எனக்கு மனப்பாடம்.

"அண்ணிதான்னு தெரியும். பின்கதவு சத்தம் கேக்கும், அப்புறம் வீட்டைச் சுத்தி செருப்பு சத்தம். பெல் அடிக்கும்போதே வாட்சைப் பாத்துட்டு நிப்பாங்கன்னு தெரியும். கட்டில்ல இருந்து வாசல் இருபத்தாறு அடி. போகலைன்னா சோம்பேறி. போனா நடிப்பு. எது பரவாயில்லைன்னு யோசிக்கறதுக்குள்ள ரெண்டாவது பெல் அடிச்சுடும். முக்கால்வாசி நாள் தரையில உக்காந்து நகர்ந்துதான் போவேன். கதவுகிட்ட போனதும் சுவத்தைப் பிடிச்சு எந்திரிச்சு, முடியை ஒதுக்கிட்டு, புடவையைத் தட்டி விட்டுட்டுத் திறப்பேன்."

மிருணாளினி குரல் கேட்கிறது: "தவழ்ந்து வர்றதை ஏன் அவங்களுக்குக் காட்டலை?"

"அதையும் நடிப்புன்னு சொல்லிட்டா? அப்புறம் எனக்குன்னு என்ன மிச்சம் இருக்கும்?"

நாலு வருஷம் அக்கா. நான் பார்த்தது திறந்த கதவை மட்டும்தான்.

விளக்கு போட்டார்கள். யாரும் கை தட்டவில்லை. பக்கத்தில் இருந்த ஈரோட்டு அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார்.  திட்டியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்கு அது வரும்.

பிறகு பேசச் சொன்னார்கள். ஒவ்வொருவராக மைக் வாங்கினார்கள். முதலில் கைத்தடியோடு ஒரு மனிதர் எழுந்தார், ஐம்பது வயது, லாரி ஆபீசில் கணக்கராக இருந்தாராம். "எல்லாரும் வலியைக் காட்டுவாங்க, இதுல கதவைக் காட்டிட்டீங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எங்க வீட்டு அண்ணி எங்க அப்பா" என்றார்.

அப்போது சிரித்தார்கள் பாருங்கள்! ஹால் முழுக்க. நான் எதிர்பார்த்த சிரிப்பு அப்போதுதான் வந்தது.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஒரு சின்னப் பெண், புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "எனக்கு இவர்தான் ரெண்டு வருஷம் அண்ணியா இருந்தார், இப்பத் திருந்திட்டார்" என்கிறாள். அந்தப் பையனும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு கும்பிடு போடுகிறான். இன்னொருத்தி, "எனக்கு எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்." சக்கர நாற்காலியில் இருந்தவர், "எனக்கு நானேதாங்க அண்ணி. காலையில கண்ணு முழிச்சதும் எந்திரிடா, நடிக்காதடான்னு என்னை நானே திட்டுவேன்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். பத்தொன்பது இருபது வயதில் ஒரு பெண் மைக்கை வாங்கி, "அண்ணி வர்ற சீன்ல நான் கண்ணை மூடிக்கிட்டேன், ஆனா காதை மூட முடியலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குழந்தைக்கு என் மகளைவிடச் சின்ன வயது.

ஐம்பத்து நாலு வருஷமாக வத்சலா. ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் சேர்ந்து என்னை ஒரு நோய்க்குப் பெயர் வைக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களை விட்டால், நான் அங்கே இருப்பது ஈரோட்டு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முகம் அப்போது எப்படி இருந்தது தெரியுமா? சிரித்த மாதிரி இருந்திருக்கும். அதுதான் பயம். யாராவது திரும்பிப் பார்த்தால், இன்னும் சிரிக்கிறாள் என்பார்கள்.

வாசலில் பூங்கோதையைப் பிடித்தேன். "என்னை இப்படி ஊர் சிரிக்க வெச்சுட்டியே" என்று நான்தான் முதலில் ஆரம்பித்தேன். "ஒன்பது வருஷம் சோறு போட்டதுக்கு இதுவா?" என்றேன். அதற்குத்தான் அவள் அதைச் சொன்னாள், நான் முதலில் உங்களிடம் சொன்னேனே, அதை. கத்தவில்லை. சொல்லிவிட்டுப் போனாள்.

இன்றைக்கு எதற்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். அந்தப் பையில் அவள் புடவை ஆறு இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது, மூக்குக்கண்ணாடி, மாத்திரை. செழியன் பார்சலில் அனுப்பலாம் என்றார். நான்தான் நேரில் போகிறேன் என்று வந்தேன்.

இல்லை. பொய் சொல்லிப் பழக்கம் இல்லை எனக்கு. பையில் ஒரு பேப்பரும் இருக்கிறது.

வருகிற பதினைந்தாம் தேதி படத்தை இன்டர்நெட்டில் போடுகிறார்களாம். உலகம் முழுக்கப் பார்க்கலாமாம். நான் மிருணாளினிக்குப் போன் செய்து கத்தினேன். கேஸ் போடுவேன் என்றேன். அவள் அமைதியாக, "மேம், உங்க பகுதியை எடுக்கணும்னா எடுத்துடறேன். ஆனா பூங்கோதை மேமும் சம்மதிக்கணும், அது அவங்க கதையும்தானே. ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றாள். அதற்குத்தான் வந்தேன். என் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பார்ப்பார்கள். என்னோடு படித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுபது பேர் இருக்கிறார்கள், ஒருத்தி பார்த்தால் போதும். புடவையைக் கொடுத்துவிட்டு, இரண்டு நல்ல வார்த்தை பேசி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று திட்டம். பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டு நல்ல வார்த்தையையும் யோசித்துக்கூட வைத்தேன்.

உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு அந்த வார்த்தைகள் வரவில்லை. 

இன்னும் ஒன்று இருக்கிறது அக்கா. இது செழியனுக்குத் தெரியாது. பாவமன்னிப்புக் கூண்டில் ஏறுகிற மதமில்லை நான், கான்வென்ட்டில் மற்ற பிள்ளைகள் வரிசையில் நிற்பதை வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் சொல்கிறேன்.

படத்தில் நான் வருவதற்கு முன்னால் ஒரு டாக்டர் வருகிறார். உண்ணி கடித்த சில நாளில் தோலில் ஒரு சிவப்பு வட்டம் வருமாம், எல்லாருக்கும் இல்லை, பலபேருக்கு. வட்டம் பெரிதாகிக்கொண்டே போகுமாம், நடுவில் வெளுத்திருக்குமாம். "அந்த நேரத்துல கண்டுபிடிச்சுட்டா ரெண்டு மூணு வாரம் மாத்திரை. பெரும்பாலானவங்களுக்கு அதோட முடிஞ்சிடும்" என்கிறார். சொல்லிவிட்டு ஒரு போட்டோ காட்டுகிறார்கள். அந்தத் திரை எவ்வளவு பெரிது தெரியுமா, இந்தச் சுவர் அளவு. சுவர் முழுக்க அந்த வட்டம்.

எனக்கு அது புதிதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

முகாம் போய் வந்து பத்து நாள் இருக்கும். நான் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சமையலறைக்கு வந்தாள். "அண்ணி, முதுகுல ஒரு மாதிரி சூடா இருக்கு, என்னன்னு பாருங்களேன்" என்றாள். கையெல்லாம் மாவு. முழங்கையால் அவள் நைட்டியை விலக்கிப் பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம், என் உள்ளங்கை அகலம். "அடச்சே, படர்தாமரை. காட்டுல கண்ட துணியில படுத்திருப்பே" என்றேன். "டாக்டர்கிட்ட காட்டட்டுமா அண்ணி?" என்று கேட்டாள். கேட்டாள், அக்கா. "படர்தாமரைக்கு எவளாவது டாக்டர்கிட்ட போவாளா? மானத்தை வாங்காதே" என்று அலமாரியிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குத் தனி சோப்பு, தனி வாளி, தனிக் கொடி. என் பெண்ணுக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று. மூன்று வாரத்தில் வட்டம் மறைந்தது. "பாத்தியா, களிம்புல போயிடுச்சு" என்று ஜெயித்த மாதிரி சொன்னேன்.

ஆறு வருஷம் கழித்து நோயைக் கண்டுபிடித்த டாக்டர் அவளிடம் கேட்டார், சிவப்பாக வட்டமாக ஏதாவது வந்ததா என்று. நான் பக்கத்து நாற்காலியில் இருக்கிறேன். "ஞாபகம் இல்லை டாக்டர்" என்றாள். அப்பாடா, இவளுக்கே ஞாபகம் இல்லை, அப்படியானால் அது படர்தாமரைதான் என்று நான் அந்தக் கணக்கை முடித்துவிட்டேன். மூன்று வருஷம் நன்றாகத் தூங்கினேன்.

படத்தில் மிருணாளினியும் கேட்கிறாள். இந்தத் தடவை பூங்கோதை, "வந்துச்சு. முதுகுல" என்கிறாள். "யாராவது பாத்தாங்களா?"

"இல்லை. யாரும் பாக்கலை. நான் யார்கிட்டயும் காட்டலை."

படம் முடிந்து எல்லாரும் பேசும்போது அந்தக் கைத்தடிக்காரர் மறுபடியும் எழுந்து கேட்டார், "முதுகுல இருந்தது உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" வெகுளியாகத்தான் கேட்டார். பூங்கோதை எழுந்து நின்றாள். எழுந்திருக்கவே அவளுக்கு அரை நிமிஷம் ஆனது. "ரெண்டு கண்ணாடி வெச்சுப் பாத்தேங்க" என்றாள். சொல்லும்போது திரும்பி, நாற்பது தலைக்கு நடுவில், நேராக என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நான் அங்கே இருக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி.

எங்கள் வீட்டில் அந்த மாதிரி இரண்டு கண்ணாடி கிடையாது. ஒரே பீரோக் கண்ணாடி, அதுவும் என் அறையில்.

பெல் கதையை நானே சொன்னேன், கோப்பை வாங்கினவள் மாதிரி சொன்னேன், அதற்கு ஊர் சிரித்தது. அது சரி. ஆனால் இதை அவள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வரி போதும். மைக் கையில் இருந்தது, நாற்பது பேர் அவள் பக்கம் இருந்தார்கள், நான் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை, கேமராவிடமும் சொல்லவில்லை, ஹாலிலும் சொல்லவில்லை. அவள் அண்ணனிடமும் சொல்லவில்லை, ஒன்பது வருஷமாக. நான் அவளை ஒன்பது வருஷம் தாங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். யார் யாரைத் தாங்கியது?

அழவில்லை, மூக்குதான். இங்கே ஏதோ தூசி. எஸ்தர் வீட்டைத் துடைக்க ஆள் வைத்திருக்கிறாளா இல்லையா?

இருங்கள், நீங்கள் எழ வேண்டாம். நானே கதவுகிட்ட போகிறேன்.

பூங்கோதை. கேக்குதா? நான் திரும்பத் தட்டலை. அந்தப் பேப்பரைக் கிழிச்சுடறேன். நாலு நிமிஷமும் இருக்கட்டும், உலகம் முழுக்கப் பாக்கட்டும், என் பெண்ணு வீட்டுலயும் பாக்கட்டும். வீட்டுக்கு வான்னு கூப்பிடவும் மாட்டேன். உன் இஷ்டம். சோறு போட்ட கதையை இனிமே எடுக்க மாட்டேன். எடுக்காம இருக்கப் பாக்கறேன்.

ஒண்ணே ஒண்ணு செய். யாரும் பாக்கலைன்னு சொன்னியே, அது எனக்கு வேண்டாம். அதை வெச்சுக்கிட்டு என்னால வீட்டுக்குத் திரும்பிப் போக முடியலை. வெளியே வந்து, இந்த அக்கா முன்னால, என் முகத்தைப் பாத்து ஒரு தடவை சொல்லு. "நீங்க பாத்தீங்க அண்ணி"ன்னு சொல்லு. மூணே வார்த்தை. திட்டக்கூட வேண்டாம், சும்மா சொல்லு. சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கோ.

பூங்கோதை?

சொல்லும்மா.